மல்லாட்டை மில்லில் கோட்டைத் தாண்டிய முள்

ஓய்வுபெற்றவனைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டால் அவன் இரண்டில் ஒன்றைச் செய்வான். ஒன்று, தன்னைப் புகழ்ந்துகொள்வான். இல்லாவிட்டால் உங்களைத் திட்டுவான். நான் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதாக உத்தேசம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் சோதனைக்கூடத்துக்கு வந்திருந்தேன். அலமாரியின் மேல்தட்டில், பின்பக்கம் திறந்து கிடக்கிற மோட்டார் ஒன்றின் தலையில் உங்களில் யாரோ ஹெல்மெட்டை மாட்டியிருந்தீர்கள். அதை உடைசல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தப்பில்லை, நானும் அதை அப்படித்தான் கூப்பிடுவேன். ஆனால் அந்த உடைசல் ஒரு மனிதரின் வேலையைக் கிட்டத்தட்டக் காவு வாங்கியது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மோட்டார் தண்டு எவ்வளவு முறுக்கு விசையோடு சுற்றுகிறது என்று அளக்க, தண்டை நடுவில் வெட்டி ஒரு சென்சாரைச் செருகுவது ராஜ வழி. நம் கியர் மோட்டாரில் அதற்கு இடமே கிடையாது. உள்ளே சுற்றுகிற ரோட்டரின் தண்டு முனையிலேயே பல் வெட்டியிருக்கிறது, அது நேராகக் கியர்பாக்ஸுக்குள் போய்விடுகிறது. நல்லவேளையாக அந்தப் பல் சாய்வாக வெட்டியது. சாய்ந்த பல் சுமையைத் தள்ளும்போது தானும் பின்னால் தள்ளப்படும். சுமை கூடக் கூட ரோட்டர் முழுவதும் பின்னால் நகரப் பார்க்கும். வழக்கமாக பேரிங் அதை நகர விடாது. நாங்கள் பின்பக்க பேரிங்கைச் சற்றே நழுவ விட்டு, அதற்குப் பின்னால் கெட்டியான ஸ்பிரிங் ஒன்றை வைத்தோம். தண்டின் பின் நுனியில், கடிகாரம் மாதிரி முள் வைத்த டயல் கேஜின் காலை முட்ட வைத்தோம். ரோட்டர் மயிரிழை நகர்ந்தாலும் முள் காட்டிவிடும். எவ்வளவு நகர்வோ அவ்வளவு விசை. பட்டறையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சரிபார்த்து, கியர்பாக்ஸ் தாங்கக்கூடிய எல்லை எதுவோ அங்கே டயலில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். சங்கதி அவ்வளவுதான்.

மோட்டார் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று பார்த்தால் போதாதா என்று உங்களில் ஒரு கெட்டிக்காரர் கேட்பார். கீழ்பென்னாத்தூர் பக்கம் வோல்டேஜ் என்பது அக்கம்பக்கத்து வயல் மோட்டார்களின் மனநிலையைப் பொறுத்தது. அதை நம்பி யார் மேலும் பழி போட முடியாது.

பழி என்று சொன்னேன் அல்லவா, விஷயமே அதுதான். கீழ்பென்னாத்தூரில் எண்ணெய் மில் வைத்திருந்த சரோஜா அம்மாள் எங்களிடம் ஒரு கியர் மோட்டார் வாங்கினார். வேர்க்கடலையைப் பிழியும் எக்ஸ்பெல்லரை ஓட்டுவதற்கு. வேர்க்கடலை என்று எழுதினாலும் எனக்கு மனது ஒப்பவில்லை, எங்கள் பக்கத்தில் அது மல்லாட்டைதான். வாங்கிய கொஞ்ச நாளில் கியர்பாக்ஸுக்குள் பல் உடைந்தது. மாற்றிக் கொடுத்தோம். மறுபடியும் உடைந்தது.

எங்கள் மேலாளர் மின்னல் வேகத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். மிஷினை ஓட்டுகிறவர் கடலையை ஜாஸ்தியாகக் கொட்டி சுமையை ஏற்றிவிடுகிறார், நம் பல்சக்கரத்தில் குறையே இல்லை. மேலாளரின் பெயர் வேண்டாம், இன்றைக்கும் எனக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புகிறவர். கெட்டவர் இல்லை. தலைமை அலுவலகம் என்ன கேட்க ஆசைப்படுகிறதோ அதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிற மூக்கு மட்டும் அவருக்குக் கொஞ்சம் நீளம்.

சரோஜா அம்மாளுக்கும் அந்த முடிவு பிடித்துப்போயிற்று. மிஷினை ஓட்டியவர் ஏழுமலை. அந்த மில்லிலேயே மீசை நரைத்தவர். மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு நம் திருவண்ணாமலைக்கு வந்து மலையைச் சுற்றிவிட்டு, விடிந்ததும் அப்படியே முதல் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர். பல் உடைந்த இரண்டு தடவையும் பௌர்ணமிக்கு மறுநாள் என்று அம்மாள் அடித்துச் சொன்னார். தூங்கி வழிந்துகொண்டே கடலையைக் கொட்டினால் மிஷின் என்ன செய்யும் என்பது அவர் கட்சி. நான் விசாரித்துப் பார்த்தேன். முதல் தடவை மறுநாள்தான். இரண்டாவது தடவை பௌர்ணமி போய் நாலைந்து நாள் ஆகியிருந்தது. அம்மாள் கணக்கில் நிலா கொஞ்சம் தாராளமாகவே காய்ந்தது.

கடைசியில், அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. முள் கோட்டைத் தாண்டினால் ஏழுமலையின் தப்பு, அவரை அனுப்பிவிடுவார்கள். தாண்டாவிட்டால் எங்கள் பல்சக்கரத்தின் தப்பு. அனுப்பினால் கதை அந்த மில்லோடு முடியாது. இரண்டு கியர்பாக்ஸை உடைத்தவன் என்ற பெயரோடு போகிறவரை அந்த வட்டாரத்தில் எந்த மில்லும் உள்ளே விடாது. அது ஏழுமலைக்கும் தெரியும், அம்மாளுக்கும் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் நான் போய் நம் சோதனை மோட்டாரை மாட்டி, டயல் கேஜைப் பொருத்தி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு வந்தேன். ஏழுமலை பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். இந்த முள்தான் சார் நாளைக்கு சொல்லுமா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸில் போய் இறங்கியபோது மிஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் காரில் வந்தவர். காரில் வருகிறவர்களுக்கு எப்போதும் அவசரம். எனக்காகக் காத்திருக்காமல் ஓட்டச் சொல்லிவிட்டார். கடலை பிழிய மூட்டைகளோடு வந்திருந்த விவசாயிகள் பத்துப் பேர் வேலையை விட்டுவிட்டு வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அருகில் போனேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால்கூட ஏதாவது பேசிப் பார்க்கலாம். நன்றாகவே தாண்டியிருந்தது.

மேலாளர் அதைப் படம் பிடித்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் கைகூப்பிய படம்கூடப் போட்டார், யாரைக் கும்பிட்டாரோ தெரியாது.

சரோஜா அம்மாள் ஏழுமலையைப் பார்த்தார். மிஷின் சத்தத்திலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"போதும் ஏழுமல. நாளையிலருந்து நீ வராத. உன்னால நான் பட்டது போதும்."

ஏழுமலை தலையை ஆட்டினார். ஆனால் கை நிற்கவில்லை. கூடையில் கடலையை அள்ளி அதே வேகத்தில் கொட்டிக்கொண்டே இருந்தார். வெளியே நிற்கிற உங்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கிற எக்ஸ்பெல்லரைப் பாதியில் விட்டுப் போனால் உள்ளே இருக்கிற புண்ணாக்கு இறுகிக் கல்லாகிவிடும். பிறகு உளி வைத்துத்தான் கொத்தி எடுக்க வேண்டும். வராதே என்று சொன்ன அம்மாளின் மிஷினை இறுக விடாமல் காப்பாற்றிக்கொண்டு நின்றார் அந்த ஆள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை, அதனால் பொதுவாக எல்லார் மேலும் கோபப்பட்டு வைத்தேன்.

அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அடுத்த விஷயம் கண்ணில் பட்டது. கூடைக்குக் கூடை அளவு மாறவில்லை. மிஷின் சத்தமும் மாறவில்லை. ஆனால் முள் மட்டும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு மேலேயேதான் இருந்தது, இருந்தாலும் நான் வந்தபோது இருந்த இடத்தில் இல்லை. சுமை அப்படியே இருக்க முள் மட்டும் எதற்கு இறங்க வேண்டும்? மேலாளரிடம் காட்டினேன். கோட்டுக்கு மேலேதானே இருக்கிறது, அப்புறம் என்ன என்றார். நியாயமான பதில். படம் ஏற்கெனவே போய்விட்டது, கட்டைவிரலும் வந்துவிட்டது, இனிமேல் முள் எங்கே போனால் அவருக்கென்ன.

இளைஞர்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கருவி ஒன்று சொல்கிறது. அது உங்கள் முதலாளிக்குப் பிடித்த பதில். வாடிக்கையாளருக்கும் பிடித்த பதில். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் தலையாட்டிவிட்டார்கள். உங்களுக்கோ மனதில் ஒரு சின்ன உறுத்தல் தவிரக் கையில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் கருவியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். நீ சும்மா இருக்கும்போது எங்கே நிற்கிறாய்? திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு அறை எடுத்துக்கொண்டு, சும்மா இருக்கக் கற்றுக்கொள்வதற்கென்றே கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைப் பார்த்து நான் நிறையச் சிரித்திருக்கிறேன். ஒரு டயல் கேஜுக்கும் அந்தப் பரீட்சை உண்டு என்பது கீழ்பென்னாத்தூரில்தான் எனக்கு உறைத்தது.

சும்மா நிறுத்திப் பார்க்க வேண்டுமென்றால் கடலை கொட்டுவதை நிறுத்தி, உள்ளே இருப்பதையெல்லாம் ஓட்டி வெளியேற்றி, பிறகுதான் மோட்டாரை அணைக்க வேண்டும். அரை மணி நேரம் வீணாகும். கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று தெரியும். அதனால் நான் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சி, "அம்மா, பேரிங் தீயுற வாசனை வருது. இப்ப நிறுத்தலனா மோட்டாரே போயிடும்" என்றேன். சுத்தப் பொய். புண்ணாக்கு வாசனையைத் தவிர அங்கே வேறு எந்த வாசனையும் கிடையாது. ஆனால் மில்லுக்காரர்களுக்கு மோட்டார் போய்விடும் என்ற வார்த்தை தீ விபத்து மாதிரி. அம்மாள் உடனே கையைக் காட்டினார். ஏழுமலை கொட்டுவதை நிறுத்தி, மிஷினை வெறுமையாக ஓடவிட்டு, பிறகு அணைத்தார்.

எல்லாம் அடங்கியது. முள் இறங்கியது. பூஜ்யத்துக்கு வரவில்லை. பூஜ்யத்துக்கு நன்றாக மேலேயே, வெட்கமில்லாமல் நின்றது.

குனிந்து, மொபைல் வெளிச்சத்தில் தண்டின் நுனியைப் பார்த்தேன். டயல் கேஜின் காலுக்கும் தண்டுக்கும் நடுவே சிவப்பாக ஒன்று. ஒரு பொட்டு. கெட்டியாகச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்து, காய்ந்து சில்லு மாதிரி இறுகிப்போன பொட்டு. மோட்டாருக்குப் பொட்டு வைக்காத மில் நம் பக்கத்தில் உண்டா? நாம்கூட ஆயுத பூஜைக்குக் கணினியின் நெற்றியில் வைக்கிறோம், கணினிக்கு நெற்றி எது என்று தெரியாமலேயே. ஆனால் இங்கே அது இருந்தது, ரோட்டரின் நகர்வை அளக்கிற சரியான அந்த இடத்தில். கேஜின் காலைத் தூக்கிப் பிடித்து, பொட்டை வைத்து, பக்குவமாகத் திரும்ப இறக்கி விட்டிருந்தார்கள். ரோட்டர் நகர்ந்ததோடு சந்தனத்தின் தடிப்பையும் சேர்த்து முள் காட்டியிருக்கிறது. சுற்றச் சுற்ற கேஜின் கால் அந்தச் சந்தனத்தை அரைத்துக்கொண்டே வந்ததால்தான் முள் மெல்ல இறங்கியிருக்கிறது. கீழே சிவப்புப் பொடி உதிர்ந்து கிடந்தது.

மேலாளரும் எனக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டார். புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். அந்த ஆளே கருவியில் கை வைத்திருக்கிறான், இது பெரிய தப்பு, இதைச் சொல்லியே அவனை அனுப்பிவிடலாம் என்றார். யோசித்துப் பாருங்கள், அந்த மூக்கு எவ்வளவு வேலை செய்கிறது! முள் ஜாஸ்தி காட்டினாலும் ஏழுமலையின் தப்பு. முள்ளைக் கெடுத்தது எது என்று தெரிந்தாலும் ஏழுமலையின் தப்பு.

அவர் சொன்னதில் ஆபத்து இருந்தது. கருவியைத் தொட்டவன் என்று சொன்னால் அம்மாள் நம்பிவிடுவார். நான் வாயை மூடிக்கொண்டால் ஏழுமலைக்கு வேலை போகும். வாயைத் திறந்தாலும் போகலாம். ஆனால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதற்கு எவனாவது கருவியில் கை வைப்பானா? ஏமாற்ற நினைத்திருந்தால் முள்ளைக் கீழே இறக்குகிற மாதிரியல்லவா செய்திருப்பான்? இதை மேலாளரிடம் சொன்னேன். என் பதவி உயர்வைப் பற்றி ஏதோ சொன்னார். அது இனிமேல் வராது என்று எனக்கு முன்பே தெரியும், அதனால் அந்த மிரட்டலில் சத்து இல்லை. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். இழக்க ஒன்றும் இல்லாதவனுக்கு வீரம் ரொம்ப சல்லிசாகக் கிடைக்கும்.

நேராகப் போய் சரோஜா அம்மாளைக் கூப்பிட்டேன். மொபைலை அவர் கையிலேயே கொடுத்து, குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். நிமிர்ந்து ஏழுமலையைப் பார்த்தார்.

"எப்ப வச்ச?"

"வெடியகாலமா. குளிச்சிட்டு வந்து வச்சேன்."

"தெனமும் மிஷின் மேலதான வைப்ப. இன்னிக்கு இன்னாத்துக்கு இதுமேல போயி, இவ்ளோ பெருசா?"

ஏழுமலை கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு அதுதானம்மா என்னைப் பத்தி சொல்லப் போவுது. நல்லதா சொல்லணும்னு வச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. எப்போதும் எதற்காவது சிரித்துவிடுகிற நானும் சிரிக்கவில்லை. பொட்டைச் சுரண்டி எடுங்கள் என்று ஏழுமலையிடம் சொன்னேன். அவர் ஓர் அடி பின்னால் போனார். சாமியென்று வைத்ததைத் தன் கையால் அழிக்க மாட்டேன் என்றார். அதை எடுக்காவிட்டால் தன் வேலை போய்விடும் என்று தெரிந்தும் அப்படியே நின்றார். கடைசியில் அம்மாளே முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து, குனிந்து துடைத்து எடுத்தார். முள் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது.

மறுபடி ஓட்டினோம். இந்தத் தடவை ஒவ்வொரு கூடைக்கும் எல்லார் கண்ணும் முள்ளின் மேலேயே இருந்தது. ஏழுமலை அதே கையால் அதே அளவைக் கொட்டினார். நான் வேண்டுமென்றே இன்னும் ஒரு பிடி கூடுதலாகக் கொட்டச் சொன்னேன். அப்போதும் முள் கோட்டுக்குக் கீழேயே, நல்ல பிள்ளையாக இருந்தது. மேலாளர் இந்தத் தடவை படம் எடுக்கவில்லை. அம்மா, குறை எங்க பல்சக்கரத்துலதான் என்று நான் சொன்னபோது, அவர் கார் சாவியைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே. பல்லைச் சரியாகச் சூடேற்றிப் பதப்படுத்தவில்லை என்று பட்டறையில் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்த மில்லில் பல் உடையவில்லை. என்னைக் கொஞ்ச காலம் ஸ்டோரில் போட்டு நட்டு போல்ட்டு எண்ண வைத்தார்கள். நிம்மதியான வேலை, நட்டுகள் யாருக்கும் வாட்ஸ்அப் அனுப்புவதில்லை. சோதனைக்கு முன்னும் பின்னும் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நம் சோதனைக்கூடத்தில் ஒரு விதி இருக்கிறதே, நீங்கள்கூடச் சலித்துக்கொள்கிறீர்களே, அது அந்தப் பொட்டிலிருந்து வந்த விதிதான். சலித்துக்கொண்டே செய்யுங்கள், பரவாயில்லை. செய்யாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது விதி இல்லை. அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சோதனை முடிந்தது. கருவியைக் கழற்றுவதற்காக மிஷினை வெறுமையாக்கி நிறுத்தியிருந்தோம். நான் கழற்றி முடித்து, மில்லின் மோட்டாரைப் பழையபடி பூட்டினேன். மூட்டையோடு காத்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சரோஜா அம்மாள் என்னிடம் நன்றாகத்தான் பேசினார், டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். ஏழுமலை பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில், சரி போ, வேலையைப் பாரு என்றார். சொல்லிவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏழுமலை மிஷினைப் போட்டார். அது சூடேறும் வரை ஓடவிட்டார். கூடை காலடியிலேயே கிடந்தது. குனிந்து எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொட்டுங்க ஏழுமல என்று ஒரு விவசாயி சொன்னார். அவர் அசையவில்லை. மிஷின் வெறுமையாக உருண்டுகொண்டிருந்தது. சத்தம் மாறாததைக் கேட்டு அம்மாள் எழுந்து கதவருகே வந்தார்.

"ஏன் நிக்கிற? அதான் உன் மேல தப்பு இல்லனு தெரிஞ்சிபோச்சே."

"போவச் சொன்னப்ப எல்லாரும் கேக்கிற மாதிரி சொன்னீங்கம்மா" என்றார் ஏழுமலை. குரலில் கோபம் இல்லை. "இருக்கச் சொல்றதையும் அப்படியே சொல்லுங்க."

அம்மாளின் முகம் சிவந்தது. மேலே பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். எனக்கு வேறு எங்கேயாவது இருக்கலாம் என்று தோன்றியது. அவர் வாசற்படி இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார். மிஷின் சத்தத்தில் முதல் தடவை சொன்னது பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கேக்கலம்மா என்று ஒருத்தர் சொன்னார். அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் உரக்க, "ஏழுமல மேல தப்பு இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். அவர் இங்கதான் இருப்பாரு" என்றார்.

ஏழுமலை குனிந்து கூடையை எடுத்தார்.